தண்ணி வந்துருச்சு

மழை பெய்கிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டு அத்தை போனைத்தான் எடுப்பார். ஜன்னல் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. எப்போதும் திறந்தும் இருந்தது. சாரல் அடித்து ஜாக்கெட் தோள் நனையும். அவர் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே, "ஒட்டன்சத்திரத்துல மழை கொட்டுது" என்பார்.

"இங்கயும் பெய்யுது அத்தை."

"அப்படியா? ஒண்ணும் வரலையே."

வரலையே என்றால் வாட்ஸப்பில் வரவில்லை என்று அர்த்தம்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் யாராவது ஃபார்வர்ட் செய்வார்கள். ஆனால் 'அவர்' என்றுதான் எழுதுவேன். அந்த மரியாதை அவருக்காக இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். தமிழ் படித்தவள். கோபத்தில் 'அவள்' என்று இறங்கினால் எனக்குத்தான் கேவலம்.

திண்டுக்கல்லில் நல்ல தண்ணி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், நாகல்நகர்ப் பக்கம் இருந்த எங்கள் சந்தே குடத்தோடு உட்கார்ந்து கிடக்கும். அது ஒன்றும் இனிமையான காலம் இல்லை. பாதிப் பொழுது அதிலேயே போகும். வீட்டுப்பாடத்தைக் குடத்தின் மேல் நோட்டை வைத்து எழுதியிருக்கிறேன். அம்மா மில்லுக்கு ஷிப்டு தவறிப்போய்த் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அத்தை வீடு சந்தின் முதல் வீடு. அதை ஒட்டித்தான் தெருக்குழாய். அதில் தண்ணீருக்கு முன்னால் காற்று சீறும். அந்தச் சத்தம் முதலில் கேட்பது அங்கேதான். ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் அவர் சந்துக்கு ஒரு குரூப் ஆரம்பித்தார். குழாய் சீறியதும் பேசி அனுப்புவார்.

"தண்ணி வந்துருச்சு. ஓடியாங்க."

அம்புட்டுதான். குரல் கனமாக, மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். அடுப்படியில் இருக்கிறவள், துணி துவைக்கிறவள், தூங்குகிறவள் எல்லோரும் கேள்வி கேட்காமல் ஓடுவார்கள். ஒருநாள்கூட அது பொய்த்ததில்லை. உட்கார்ந்து கிடந்த பொழுதெல்லாம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நான் கல்லூரிக்குப் படித்ததே அந்தப் பொழுதில்தான். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

அந்த நம்பிக்கையை நாங்கள் தண்ணிக்காகக் கொடுத்தோம். அவர் அதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார். பேங்கு நாளையிலிருந்து மூடிக்கிடக்கும், பழனி ரோட்டில் பாலம் இடிந்துவிட்டது, இன்ன இலையைக் கசக்கிக் குடித்தால் சர்க்கரை போய்விடும். எல்லாம் அதே கனத்த குரலில், அதே மூச்சில் வந்தன.

நம் ஆட்கள் காதில் கேட்டதைச் சொல்லும்போது வார்த்தைக் கடைசியில் ஓர் 'ஆம்' போடுவார்கள். மழையாம், செத்துட்டாராம், ஓடிப்போயிட்டாளாம். நான் பார்க்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான் என்கிற நேர்மை அந்த ஒற்றை அசைக்குள் இருக்கிறது. அத்தை பேச்சில் அது வராது. மழை கொட்டுது, செத்துட்டாரு, ஓடிப்போயிட்டா. நேரில் நின்று பார்த்தவர் மாதிரி.

சந்தின் கடைசி வீட்டில் ஒரு லாரி டிரைவர் தாத்தா இருந்தார். மகள் வீட்டுக்குக் கரூர் போயிருந்தவர் செத்துவிட்டார் என்று அத்தை குரூப்பில் சொல்லிவிட்டார். மாலைகூட வாங்கியாகிவிட்டது. மறுநாள் ரேஷன் கடையில் தாத்தா பையோடு வரிசையில் நிற்கிறார்.

"அண்ணே, நீங்க செத்துட்டீகன்னு வந்துச்சே" என்றார் அத்தை.

"நானே வந்து நிக்கிறேன்ல தாயி."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு, தாத்தாவைப் பார்த்தபடியே, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாரிடமோ விசாரித்தார். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் கேளு, இருக்கேன்னா சீனி வாங்கணும்" என்றார்.

பி.ஏ. ரிசல்ட் வந்த அன்று முதல் லட்டை அவருக்குத்தான் கொண்டுபோனேன். "அத்தை, யுனிவர்சிட்டி ரேங்க்" என்றேன். போனிலிருந்து தலையை எடுக்காமல், "அப்படியா பாப்பா, குரூப்ல போடு" என்றார். முகம் சுருங்கித் திரும்பி வந்தேன். சரி என்று குரூப்பில் போட்டேன். போட்ட கையோடு வாசலில் செருப்புச் சத்தம். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சீனியை அள்ளி என் வாயில் திணித்தார். "நம்ம சந்துல ஒரு புள்ள, நம்ம சந்துல ஒரு புள்ள" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கூவினார். அந்த அழுகை பொய்யில்லை. நான் நேரில் சொன்னபோது வராத அழுகை, திரையில் வந்ததும் வந்தது.

அப்பா ஆட்டு வியாபாரி. கன்னிவாடி, எரியோடு என்று ஊர் ஊராக வண்டியில் போய், வீட்டு வாசலில் நின்று "குட்டி இருக்கா தாயி" என்று குரல் கொடுப்பார். பிடித்ததை வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் விற்பார். ஆடு மாடு வாங்குவதைப் பிடிப்பது என்றுதான் இந்தப் பக்கம் சொல்வோம். 'மாடு பிடிச்சேன்', 'குட்டி பிடிச்சேன்' என்றால் காசு கொடுத்து வாங்கியது என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. போனில் பேசித்தான் அனுப்புவார். ஆளைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். சந்தைக் கூட்டாளி வைத்திருந்தது பழனி முருகன் படம். இந்த ஜில்லாவில் பாதிப் பேர் வைத்திருப்பது பழனி முருகன் படம். ஒருநாள் சாயங்காலம் கூட்டாளிக்கு அவர் பேசி அனுப்பியது, எங்கள் வீட்டு கிரைண்டரைப் பழுது பார்த்துவிட்டுப் போன வேறொரு முருகனுக்குப் போய்விட்டது.

"ஏலே, ரெண்டு புடிச்சிட்டேன். ரெண்டும் குட்டிதான், ஒண்ணு பொட்ட. தாய் கத்திக்கிட்டே ரோடு மட்டும் பின்னாலயே வந்துச்சு. பாவமாத்தான் இருந்துச்சு, என்ன செய்ய. காலைக் கட்டி வண்டியில போட்டாச்சு."

அதற்கு மேலும் பேசியிருந்தார். அய்யலூரில் என்ன விலை போகும், கிடாய்க்கு என்ன கேட்கலாம் என்றெல்லாம். பின்னால் நான் அந்த கிரைண்டர்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கேக்க எப்படி இருக்கு பாருங்கன்னு சிரிப்புக்குத்தாம்மா எங்க குடும்ப குரூப்புல போட்டேன்" என்றார். போகிற வழியில் எங்கேயோ சிரிப்பு கழன்று விழுந்தது. எங்கேயோ ஒருவன் விலை பேசுகிற பகுதியை வெட்டினான். எங்கேயோ ஒருவன் 'பிள்ளை பிடிக்கும் கும்பல் பேசியது' என்று தலைப்பு வைத்தான்.

எங்கள் பேச்சில் அம்மாவும் 'வந்துச்சு', ஆடும் 'வந்துச்சு'. சந்தையில் அதே வார்த்தைகளைக் கேட்டிருந்தால் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். போனில் கேட்டதும் பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு அத்தனை பேருக்கும் மறந்துபோனது.

மறுநாளே அது அத்தைக்கு வந்தது. வந்ததை மட்டும் அவர் அனுப்பவில்லை. தன் குரலையும் சேர்த்து அனுப்பினார். தன் தங்கச்சி கன்னிவாடிப் பக்கம் வாக்கப்பட்டிருந்ததால் அந்தக் குடும்பக் குரூப்புக்கு முதலில் போட்டார்.

"இவனுக நம்ம பக்கந்தான் சுத்துறானுக. இந்தக் குரலை நல்லாக் கேட்டு வச்சுக்கங்க. புள்ளைகள வெளிய விடாதீக."

இந்தக் குரலை. தினமும் விடியலில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டு, ஆட்டுக்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டு, "தங்கச்சி, ஈரல் கொண்டாந்திருக்கேன், சட்டி குடு" என்று கேட்ட குரலை.

கன்னிவாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் அப்பாவைப் பிடித்தார்கள். வழக்கமாகப் போகிற ஊர்தான். வாசலில் நின்று "குட்டி இருக்கா தாயி" என்றிருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளை வெளியே விளையாடிக்கொண்டிருந்தது. பையன்கள் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஆடியோவைப் போட்டார்கள். போட்டுவிட்டு, "இப்பப் பேசுறா" என்றார்கள்.

அப்பா பேசினார். நடந்ததை விளக்கினார். விளக்க விளக்க அடித்தார்கள். பேசியதெல்லாம் அவருக்கு எதிரான சாட்சி ஆனது. கை முறிந்தது, முன்பல் போனது. அவரிடம் ஆடு விற்ற ஓர் அம்மா வயலிலிருந்து ஓடி வந்து மேலே விழுந்து மறித்திருக்கிறார். இல்லாவிட்டால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது. போலீஸ் கேட்டபோது கேஸ் வேண்டாம் என்றார் அப்பா. "அந்த ஊர்கள்லதான தாயி பொழைக்கணும்."

அத்தை தினமும் ரசம் வைத்துக் கொண்டுவந்தார். பல் போன வாய்க்கு ஏற்றபடி சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தார். "எந்தப் பாவி கெளப்பிவிட்டானோ, அவன் கை வெளங்காமப் போக" என்று சாபம் விட்டார். அப்பா தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார். அந்த ஆடியோவோடு ஒட்டிக்கொண்டு திரிந்த குரல் யாருடையது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. என் கல்லூரித் தோழி ஒருத்தி எனக்கு அதை அனுப்பி, "ஜாக்கிரதைடி, உங்க ஊர்ப் பக்கம்" என்றாள். திறந்தேன். முதலில் அப்பா. பின்னால் அத்தை.

அன்று அவர் ரசத்தோடு வந்தபோது, அப்பாவின் போனை அவர் முன்னால் வைத்து முழுசையும் ஓடவிட்டேன், அய்யலூர் விலை வரைக்கும்.

"இது யாரு குரல் அத்தை?"

அவர் போனைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "அண்ணன் குரல் மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

"எனக்கு வந்தப்ப இப்படி இல்லையே பாப்பா. அது கரகரன்னு, திருட்டுப்பய குரலாத்தான இருந்துச்சு."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான். தெனம் காலையில கேக்குறீங்களே, அது."

"நான் என்னத்தக் கண்டேன். வந்தத அனுப்புனேன். நாலு புள்ளைக நல்லாருக்கட்டும்னு அனுப்புனது ஒரு குத்தமா?"

"கேட்டு வச்சுக்கங்கன்னு சொன்னது? அதுவும் வந்துச்சா?"

"விடு தாயி" என்றார் அப்பா. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதுவும் பொய்யில்லை.

மறுநாள் குரூப்பில் ஒரு படம் போட்டார். சிவப்பு எழுத்தில் 'வதந்திகளை நம்பாதீர்', கீழே கும்பிடுகிற கை. அதுவும் எங்கிருந்தோ வந்தது. அவருடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"குரூப்ல போட்டுட்டேன்ல, இன்னும் என்ன பாப்பா?"

"உங்க வாயால பேசி அனுப்புங்க. தண்ணி வந்துருச்சுன்னு சொல்றீங்கல்ல, அது மாதிரி. இது எங்க பக்கத்து வீட்டு அண்ணன், ஆட்டு யாவாரி, எனக்கு இம்புட்டு வருசமாத் தெரியும்னு. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் வெகு நேரம் யோசித்தார். நான் பார்த்து அவர் யோசித்தது அப்போதுதான்.

"என் குரல எல்லாத்துக்கும் தெரியும். நான் தப்பாச் சொல்லிட்டேன்னு நானே சொன்னா, நாளைக்குத் தண்ணி வந்துருச்சுன்னா எவ ஓடியாருவா?"

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அதுதான் அவர் கவலை.

இதற்கிடையில் அந்த ஆடியோ அடங்கவில்லை. அதற்குத் தேதி கிடையாது. பொங்கலுக்கு வந்தது, பங்குனியில் வந்தது, ஒவ்வொரு தடவையும் 'நேற்று நடந்தது' என்றே வந்தது. அப்பாவுக்குக் கை கூடிவிட்டது. ஊருக்கு மட்டும் அது நேற்றாகவே இருந்தது. அவர் வீடு வீடாகப் போவதை விட்டார். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம் உண்டு. அதை வைத்து வாயைத் திறக்காமல் வாரம் ஒரு ஆடு, இரண்டு ஆடு கைமாற்றிவிட்டு வந்தார். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர் பெயர் சொல்லக்கூட என்னை விட்டார். வீட்டிலும் பேச்சு குறைந்தது. எனக்குக் கதை சொல்லிச் சொல்லி வளர்த்த மனிதர் அவர்.

நான் அத்தையை விடவில்லை. போகும்போதும் வரும்போதும் கேட்டேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "போன்ல வேணாம். அந்த ஊருக்கு நேர்லயே வாரேன். நாலு பேருகிட்ட நானே சொல்லிட்டு வாரேன். போதுமா?"

போதும் என்று நினைத்தேன். அந்த ஒரு ஊர் சரியானால் அப்பா மறுபடி ஒரு வாசலிலாவது நின்று குரல் கொடுப்பார். "அவ வந்து சொன்னா நானும் வாரேன்" என்று அப்பாவும் கிளம்பினார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார்.

கன்னிவாடி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊர் நடுவில் ஒரு டீக்கடை, எதிரே குழாயடி. அப்பா உள்ளே வரவில்லை. ரோட்டோரப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு டீ போடுங்கம்மா, சீனி கம்மியா" என்றார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க அந்த ஆடியோவுல பேசுற அக்காவா?"

"எந்த ஆடியோ?"

"புள்ளைகள வெளிய விடாதீகன்னு. இந்தா, இன்னும் வச்சிருக்கேன் பாருங்க." போட்டுக் காட்டினாள். அதே கனத்த குரல் டீக்கடைக்குள் கேட்டது.

குழாயடியிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். "இந்தக்காதானா?" "பாக்க எங்க சின்னம்மா மாதிரியே இருக்கீக." "நீங்க சொன்னதுலருந்து புள்ளைய வெளியவே விடுறதில்லக்கா." பெஞ்சிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் கூப்பிட்டு, "பாட்டிக்கு வணக்கம் சொல்லு" என்றாள். இன்னொருத்தி தோளோடு தோள் ஒட்டி செல்ஃபி எடுத்தாள். அத்தையின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் தலையைத் தடவினார். "பாத்துக்கங்க தாயி, காலம் கெட்டுக் கெடக்கு" என்றார்.

"அத்தை, சொல்லுங்க" என்றேன்.

"இரு பாப்பா, டீ ஆறிரும்."

நான் எழுந்து நின்று சொன்னேன். அந்த ஆடியோவில் பேசுகிறவர் என் அப்பா. அவர் பிடித்தது ஆட்டுக்குட்டி. அதோ உட்கார்ந்திருக்கிறார். இதே ஊரில் அவரை அடித்தார்கள். என் தமிழெல்லாம் சேர்த்துத் தெளிவாகச் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பைக்கில் சாய்ந்திருந்த ஒரு பையன், அன்று அங்கே இருந்தவன்தான் என்று நினைக்கிறேன், குரல் இறங்கிக் கேட்டான்.

"இது சொல்றது நெசமாக்கா? அது ஆட்டு யாவாரியா?"

அத்தை டம்ளரைப் பார்த்தார். ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். பிறகு, சுற்றி நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார்.

"அப்படித்தான் சொல்றாக" என்றார்.

பையன் தோளைக் குலுக்கிவிட்டு பைக்கை உதைத்தான். அப்பா எழுந்து கடை வாசல் வரைக்கும் வந்தார். பல மாதங்கள் கழித்து வெளியிடத்தில் வாயைத் திறந்தார்.

"வா தாயி, போவோம். வெயில் ஏறிரும்."

அந்தக் குரல் கேட்டதும் வணக்கம் சொன்ன பிள்ளையின் தாய், அதைக் கையைப் பிடித்து இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு முன்சீட்டு கிடைத்தது. செத்த நேரம் கழித்துத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவிடம், "நல்ல சனங்கண்ணே, டீக்குக் காசே வாங்கல பாருங்க" என்றார்.

அப்பா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குடத்தைக் குழாயடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தண்ணி வருகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.